டி.என்.டி போட்டாச்சே... அப்புறமும் ஏன் மெசேஜ் வருது?

“வாழ்த்துகள்! உங்களுக்கு 5 லட்சம் ரூபாய் பர்சனல் லோன் தயார்.” “ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடத்தில் வீட்டுமனை, இன்று முன்பதிவு செய்தால் தங்க நாணயம்.” “ஆடித் தள்ளுபடி முடிய இன்னும் இரண்டே நாள்!” இன்று காலையிலிருந்து உங்கள் மொபைலில் இப்படி எத்தனை வந்திருக்கின்றன? எண்ணியிருக்க மாட்டீர்கள். நாம் யாரும் எண்ணுவதில்லை. கட்டைவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

அந்தத் தள்ளலில் தள்ளக் கூடாதது ஒன்றும் சேர்ந்து போய்விடுகிறது என்பதுதான் இந்த வாரம் இந்த விஷயத்தைக் கையில் எடுத்ததற்குக் காரணம்.

செங்கல்பட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 67 வயது. கண் பரிசோதனைக்காகச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் தேதி வாங்கியிருந்தார். டாக்டர் அன்று வர முடியாததால் தேதியை மாற்றியிருப்பதாக முதல் நாள் மதியமே மெசேஜ் வந்துவிட்டது. மருத்துவமனை மீது ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு நகைக்கடை, இரண்டு லோன், ஒரு இன்ஷூரன்ஸ், ஒரு ரம்மி என்று வரிசையாக வந்து அமர்ந்துவிட்டன. விடியற்காலையில் எழுந்து, சாப்பிடாமல்கூட மின்சார ரயில் ஏறி வந்து, ரிசப்ஷனில் விஷயம் தெரிந்து திரும்பிப் போனார். “எல்லாம் விளம்பரம்தானேன்னு நான் மெசேஜைத் திறக்கறதே இல்லை கண்ணு” என்றார். ஃபோனை வாங்கிப் பார்த்தேன். படிக்காத மெசேஜ்கள் மட்டும் 1,400-ஐத் தாண்டியிருந்தன.

சிலிண்டர் டெலிவரிக்குச் சொல்ல வேண்டிய கோடு, ரேஷன் கடையில் உங்கள் கார்டில் என்ன பொருள் வாங்கப்பட்டது என்ற தகவல், மின் கட்டணத்துக்கான கடைசித் தேதி, கலந்தாய்வு அறிவிப்பு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான எச்சரிக்கை... இத்தனையும் இதே பெட்டிக்குள்தான் வருகின்றன. ஒரு வீட்டுப் பெரியவர் அந்தப் பெட்டியையே திறக்காமல் விட்டுவிட்டால், அவர் கணக்கில் யாரோ கை வைத்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ‘தொல்லை’ என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

கடைசி எழுத்தைப் பாருங்கள்

முதலில் ஒரு சின்னப் பயிற்சி. உங்கள் மெசேஜ் பெட்டியைத் திறந்து, அனுப்பியவர் பெயர்களை மட்டும் பாருங்கள். முறைப்படி பதிவுசெய்த நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்ஸில் பத்து இலக்க எண் இருக்காது. ஆங்கில எழுத்துகளில், முன்னால் இரண்டு எழுத்து, ஒரு சிறு கோடு, அப்புறம் நிறுவனப் பெயரின் சுருக்கம் என்று இருக்கும். அந்த முதல் இரண்டு எழுத்துகள் எந்த டெலிகாம் நிறுவனம் வழியாக, எந்த வட்டாரத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டுகின்றன. நமக்கு அது பெரிதாக வேண்டாம்.

நமக்கு வேண்டியது கடைசி எழுத்து. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2025 பிப்ரவரியில் தன் விதிமுறைகளைத் திருத்தியது. அதன்படி பெயருக்குப் பின்னால் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்க்கப்பட வேண்டும். ‘பி’ என்று முடிந்தால் ப்ரமோஷன், அதாவது விளம்பரம். ‘எஸ்’ என்றால் சர்வீஸ். நீங்கள் வாங்கிய பொருள், எடுத்த பாலிசி, பதிந்த தேதி பற்றிய தகவல். ‘டி’ என்றால் டிரான்ஸாக்‌ஷன், ஓ.டி.பி, பணப் பரிமாற்றம் போன்றவை. ‘ஜி’ என்றால் கவர்ன்மென்ட்.

அம்மா, அப்பா, தாத்தா, பாட்டிக்கு வேறு எதுவும் சொல்லித்தர நேரமில்லை என்றால், இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். “கடைசியில பி இருந்தா விட்டுடுங்க, எஸ், டி, ஜி இருந்தா படிங்க.” ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கடைசி எழுத்து சரியாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கும் லிங்க்கைத் தொடலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து ‘மின்வாரியம்’ பேசினால் அது மின்வாரியம் இல்லை என்பது மட்டும் நிச்சயம். “இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்” என்று சில வருடங்களுக்கு முன்பு தமிழ்நாடு முழுக்கச் சுற்றிய மோசடி மெசேஜ் ஞாபகம் இருக்கிறதா? அது சாதாரண மொபைல் எண்களிலிருந்துதான் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்க்கும் பழக்கம் இருந்தவர்கள் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். மற்றவர்கள் பதறிப்போய் அந்த எண்ணுக்கு ஃபோன் செய்தார்கள்.

அழைப்புகளிலும் இதுபோல ஓர் அடையாளம் வந்திருக்கிறது. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள். வங்கி, இன்ஷூரன்ஸ் போன்ற நிதி நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தங்கள் வாடிக்கையாளரைச் சேவை தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்கள். 140 வந்தால் எடுக்காமல் விடலாம், குடிமுழுகிப் போகாது.

ஓ.டி.பி வராமல் போய்விடுமா?

அடுத்தது டி.என்.டி, அதாவது ‘டு நாட் டிஸ்டர்ப்’. 2007-லேயே தொடங்கிய ஏற்பாடு. இப்போது நடப்பில் இருப்பவை 2018-ல் வந்த விதிமுறைகள். உங்கள் எண்ணை அந்தப் பதிவேட்டில் சேர்க்க 1909 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். அல்லது, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ‘ஸ்டார்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்ஜியம் போட்டு அதே எண்ணுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பலாம். இரண்டும் இலவசம்.

இதைச் சொன்னதும் வீட்டில் வரும் முதல் பயம், “அப்புறம் பேங்க் மெசேஜ் வராதே, ஓ.டி.பி வராதே?” வரும். முழுத் தடை போட்டாலும் சேவை மற்றும் பரிவர்த்தனை மெசேஜ்களுக்குத் தடை கிடையாது. நிற்க வேண்டியவை விளம்பரங்கள் மட்டுமே. இந்தப் பயத்திலேயே டி.என்.டி போடாமல் இருக்கும் வீடுகள் எவ்வளவோ!

முழுவதும் வேண்டாம், சிலது வரட்டும் என்றாலும் வழி உண்டு. வங்கி மற்றும் இன்ஷூரன்ஸ், ரியல் எஸ்டேட், கல்வி, சுகாதாரம், நுகர்பொருள் மற்றும் வாகனம், தொலைத்தொடர்பு மற்றும் பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எது வேண்டும், எது வேண்டாம், எந்த நாளில், எந்த நேரத்தில் என்றுகூடத் தேர்ந்தெடுக்கலாம். எஸ்.எம்.எஸ்ஸில் இதைச் செய்வது தலைசுற்றும் வேலை. உங்கள் டெலிகாம் நிறுவனத்தின் ஆப்பில் டி.என்.டி பகுதிக்குப் போனால் டிக் அடிக்கும் கட்டங்களாகவே இருக்கும்.

பெரியவர்கள் ஃபோனில் செய்யும்போது அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். துணிக்கடைத் தள்ளுபடி மெசேஜ் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது அவர்கள் ஃபோன், அவர்கள் விருப்பம். இன்னொன்று, டி.என்.டி என்பது எண்ணுக்குத்தான், ஃபோனுக்கு இல்லை. இரண்டு சிம் இருந்தால் இரண்டிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

சரி, போட்டாச்சு. அப்புறமும் ஏன் வருது?

இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்விதான் இருக்கும். “நான் அஞ்சு வருஷம் முன்னாடியே போட்டுட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை” என்று எங்கள் டெஸ்க்கிலேயே மூன்று பேர் சொன்னார்கள்.

ஒரு காரணம், நாமே கொடுத்த சம்மதம். ஒரு ஆப்பில் பதிவு செய்யும்போது, ஒரு கடையில் மெம்பர்ஷிப் கார்டு வாங்கும்போது, ‘சலுகைகள் பற்றிய தகவல்களைப் பெற விரும்புகிறேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருக்கும். சில இடங்களில் அது ஏற்கெனவே விழுந்தே இருக்கும். அந்தச் சம்மதம் டி.என்.டியை மீறி நிற்கும். இதற்கு மருந்து, சம்மதத்தைத் திரும்பப் பெறுவது. விளம்பர மெசேஜிலேயே ‘வேண்டாம்’ என்று சொல்ல வழி இருக்க வேண்டும் என்பது 2025 திருத்தம். அப்படிச் சொன்ன பிறகு 90 நாட்களுக்கு அந்த நிறுவனம் உங்களிடம் மறுபடி சம்மதம் கேட்டு வரக் கூடாது. பெயர் தெரிந்த, நீங்கள் உண்மையிலேயே வாடிக்கையாளராக இருக்கும் கடை அல்லது வங்கி என்றால் இந்த வழியைப் பயன்படுத்துங்கள். முன்பின் தெரியாத எண்ணுக்கு ‘ஸ்டாப்’ என்று பதில் போடாதீர்கள். இந்த எண்ணில் ஆள் இருக்கிறது, மெசேஜைப் படிக்கிறார் என்று நாமே உறுதிசெய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. டி.என்.டி பதிவேட்டைப் பார்த்து அனுப்ப வேண்டியவர்கள் முறையாகப் பதிவுசெய்த நிறுவனங்கள். ஒரு சாதாரண சிம்மைப் போட்டுக்கொண்டு, ஒரு அறையில் உட்கார்ந்து, “சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா, ஈ.சி.ஆர்-ல ஒரு ப்ராஜெக்ட்...” என்று வரிசையாக அழைப்பவர்கள் அந்தப் பதிவேட்டின் பக்கமே போக மாட்டார்கள். உங்கள் எண் அதில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இங்கேதான் நாம் எல்லோரும் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. அந்த எண்ணை ‘பிளாக்’ செய்கிறோம், நிம்மதியாகிறோம். பிளாக் செய்தால் அந்த எண் உங்கள் ஃபோனுக்கு வராது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் போகும். நாளைக்கு வேறு எண்ணிலிருந்து உங்களுக்கே வரும். அந்த சிம்மையே முடக்க வேண்டுமென்றால் புகார் போக வேண்டும்.

முன்பெல்லாம் ஒரு எண் மீது ஏழு நாட்களுக்குள் பத்துப் புகார் வந்தால்தான் நடவடிக்கை. 2025 திருத்தத்தில் அதைப் பத்து நாட்களுக்குள் ஐந்து புகார் என்று குறைத்துவிட்டார்கள். முதல் முறை சிக்கினால் அந்த நபரின் இணைப்புகளிலிருந்து 15 நாட்களுக்கு வெளியே அழைக்க முடியாது. மறுபடியும் சிக்கினால், எந்த டெலிகாம் நிறுவனத்தில் அவருக்கு இணைப்பு இருந்தாலும் எல்லாமே ஒரு வருடத்துக்குத் துண்டிக்கப்படும். ஐந்து பேர் போதும். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் “இதே ஆள் எனக்கும் பண்ணினான்” என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் எழுதுகிறீர்கள்? அதில் ஐந்து பேர் அதையே 1909-க்கு எழுதினால் வேலை முடிந்தது.

எப்படி எழுதுவது? வந்த மெசேஜை அப்படியே காப்பி செய்து, ஒரு காற்புள்ளி, அனுப்பியவர் எண் அல்லது பெயர், ஒரு காற்புள்ளி, வந்த தேதி. இதை 1909-க்கு அனுப்ப வேண்டும். அழைப்பு என்றால் மெசேஜுக்குப் பதிலாக, எதைப் பற்றிப் பேசினார் என்று சுருக்கமாக ஒரு வரி. முன்பு மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும் என்று இருந்தது, இப்போது ஏழு நாட்கள் அவகாசம். பதிவுசெய்யாத ஆட்களின் மீது புகார் சொல்ல, நீங்கள் டி.என்.டியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

டைப் செய்யச் சோம்பலாக இருந்தால் டிராயின் டி.என்.டி ஆப் இருக்கிறது. வந்த அழைப்பையும் மெசேஜையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும். அதற்காக உங்கள் மெசேஜ், அழைப்புப் பட்டியல்களைப் பார்க்க அனுமதி கேட்கும். அது பிடிக்காதவர்கள் எஸ்.எம்.எஸ் வழியிலேயே போகலாம். இப்படி மக்கள் கொடுத்த புகார்களின் அடிப்படையில் ஒரே வருடத்தில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மொபைல் எண்கள் துண்டிக்கப்பட்டதாக 2025 நவம்பரில் டிராய் சொன்னது. பிளாக் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள், புகாரும் செய்யுங்கள் என்று அப்போது அந்த ஆணையமே கேட்டுக்கொண்டது.

நானும் ஒரு மனைப்பிரிவு விளம்பரத்தின் மீது புகார் அனுப்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் புகார் எண் வந்தது. சில நாட்கள் கழித்து, நடவடிக்கை எடுக்கப்பட்டதாக ஒற்றை வரி. என்ன நடவடிக்கை என்ற விவரம் எதுவும் இல்லை. இது எனக்கு ஏமாற்றம்தான். புகார் கொடுத்தவருக்கு விளைவைச் சொன்னால்தானே அடுத்த முறை கொடுப்பார்? அந்த எண்ணிலிருந்து அதன்பின் எதுவும் வரவில்லை. அதே மனைப்பிரிவு வேறொரு எண்ணிலிருந்து வந்தது. அதையும் அனுப்பினேன். மூன்றாவது இன்னும் வரவில்லை.

வாட்ஸ்அப்புக்கு இந்த வேலி கிடையாது

மேலே சொன்ன அத்தனையும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும் சாதாரண ஃபோன் அழைப்புக்கும்தான். வாட்ஸ்அப் விளம்பரங்களுக்கு 1909 பயன்படாது. அங்கே நம் கையில் இருப்பது அந்த உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தொட்டு, ‘ரிப்போர்ட்’, ‘பிளாக்’ கொடுப்பது. அதோடு, செட்டிங்ஸில் ப்ரைவஸி, அதற்குள் குரூப்ஸ் போய், ‘என் தொடர்புகள்’ என்று மாற்றிவிடுங்கள். யாரோ ஒரு ஷேர் மார்க்கெட் ‘குரு’ உங்கள் அப்பாவை ஏதோ ஒரு குழுவில் இழுத்துப் போடுவது நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பவர்கள் இருந்தால், வீட்டுப் பெரியவர்கள் ஃபோனில் இதைச் செய்துவிடுங்கள்.

திருமண அழைப்பிதழ், டிராஃபிக் அபராதச் சலான் என்ற பெயரில் ‘ஏ.பி.கே’ என்று முடியும் ஃபைல் வந்தால் தொடவே கூடாது. பத்திரிகை என்றால் படமாக வரும், பி.டி.எஃப்பாக வரும். ஆப்பாக வராது.

ஆண்ட்ராய்டு ஃபோன்களில் எஸ்.எம்.எஸ் பெட்டிக்குள்ளேயே பெரிய படத்தோடும் பட்டன்களோடும் சில விளம்பரங்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஆர்.சி.எஸ் என்ற வேறொரு வகை. இணையம் வழியாக வருபவை. கூகுள் மெசேஜஸ் செட்டிங்ஸில் ஆர்.சி.எஸ் சாட்ஸை அணைத்துவிட்டால் அவை நின்றுவிடும். வழக்கமான எஸ்.எம்.எஸ்ஸுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

நம்பர் எங்கிருந்து போகிறது?

இதைப் பேசாமல் மேலே சொன்ன எல்லாம் வீண். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், செருப்புக்கடை என்று பில் போடும் இடத்தில் முதல் கேள்வியே “நம்பர் சொல்லுங்க” என்பதுதான். பத்து இலக்கத்தையும் சத்தமாகச் சொல்கிறோம், பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. பில் போட மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்கிறார்கள், நாமும் கொடுக்கிறோம்.

“கேட்டா எப்படிக் கொடுக்காம இருக்கறது, பாவம் அந்தப் பொண்ணு, அதுக்கு மேல சூப்பர்வைசர் திட்டுவாராம்ல” என்பது எங்கள் அம்மாவின் வாதம். நியாயம்தான், கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணோடு சண்டை போட வேண்டாம். “நம்பர் வேண்டாம்மா, பேப்பர் பில் போதும்” என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலான இடங்களில் விட்டுவிடுகிறார்கள். சிஸ்டம் எடுக்கவில்லை என்றால், கடையின் எண்ணையே போட்டுப் பில் அடிப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மருந்துக்கடை கொஞ்சம் வேறு. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது உங்கள் எண்ணோடு சேர்ந்து பதிவாகும் இடம் அது. அங்கே கூடுதல் கவனம் நல்லது.

பில்லைவிட மோசம், குலுக்கல் கூப்பன். பொருட்காட்சி வாசலில், தீபாவளி சேலில், பெட்ரோல் பங்க்கில் ஒரு பெட்டி. பெயர், முகவரி, மொபைல், மாத வருமானம் வரை எழுதிப் போட்டால் கார் பரிசு. கார் யாருக்குக் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டே வாரத்தில் “மேடம், நீங்க லக்கி வின்னர், கணவரோட வந்தா கிஃப்ட் வாங்கிக்கலாம்” என்று ஒரு அழைப்பு. போனால் இரண்டு மணி நேரம் டூர் பேக்கேஜ் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்க வேண்டும். இணையத்தில் ‘எனக்கு எவ்வளவு லோன் கிடைக்கும்?’ என்று சும்மா தட்டிப் பார்ப்பதும் இதே கூப்பன்தான், வேறு வடிவத்தில்.

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து “எந்த காலேஜ், எந்த கோர்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் இருக்கு” என்று பெற்றோர் ஃபோன் ஓயாது. கல்விக் கண்காட்சிகளிலும், இலவச மாதிரித் தேர்வுகளிலும், வழிகாட்டி நிகழ்ச்சிகளிலும் எழுதிக்கொடுத்த எண்கள்தான் இதற்கான கச்சாப் பொருள். கலந்தாய்வுக்குக் கொடுக்கும் மொபைல் எண்ணையும் மெயிலையும் இந்த இடங்களில் கொடுக்காதீர்கள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கவும், ஒதுக்கீட்டை உறுதி செய்யவும் சில நாட்கள்தான் அவகாசம். அந்த நாட்களில் அந்த எண் சுத்தமாக இருக்க வேண்டும்.

இதற்கென்றே இரண்டாவது சிம் வைத்துக்கொள்ளச் சிலர் யோசனை சொல்வார்கள். ரீசார்ஜ் விலை இப்போது இருக்கும் நிலையில், விளம்பரம் வாங்குவதற்காக மாதாமாதம் பணம் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் ஒரு சட்டம் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர, விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்கள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை, “நம்பர் வேண்டாம்மா” என்பதுதான் கையில் இருக்கும் ஆயுதம்.

மெயில், பேப்பர்

மெயில் பற்றிச் சுருக்கமாக. ஜிமெயிலில் விளம்பர மெயிலைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்கு அருகிலேயே ‘அன்சப்ஸ்கிரைப்’ இருக்கும். மொத்தமாக மெயில் அனுப்பும் நிறுவனங்கள் ஒரே கிளிக்கில் விலக வழி தர வேண்டும் என்று கூகுள் 2024-லேயே கட்டாயமாக்கிவிட்டது. தெரிந்த நிறுவனமென்றால் இதை அழுத்துங்கள். தெரியாததென்றால் ‘ஸ்பேம்’ என்று குறித்துவிட்டு நகருங்கள். ஜிமெயிலின் 15 ஜி.பி இலவச இடத்தில்தான் உங்கள் குழந்தையின் போட்டோக்களும் இருக்கின்றன. அதைச் சேலை விளம்பரங்களுக்குக் கொடுப்பானேன்? (எங்கள் தளத்தின் நோட்டிஃபிகேஷனையும் அணைக்க முடியும். எப்படி என்று மட்டும் இங்கே எழுத மாட்டேன். எடிட்டர் இதைப் படிப்பார்.)

பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ்கள் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. பக்கத்துத் தெருவில் புதிதாக மெஸ் திறந்த அக்காவுக்கு வேறு எந்த விளம்பரமும் கட்டுப்படியாகாது. பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது எடைக்காவது ஆகும். ஆனால் ஆன்லைன் பார்சல் அட்டைகளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் பெயர், முகவரி, சில சமயம் மொபைல் எண் எல்லாம் இருக்கும். குப்பையில் போடும் முன் அதைக் கிழித்துவிடுங்கள், அல்லது மார்க்கரால் அழித்துவிடுங்கள்.

பெரியவர்கள் ஃபோனைக் கையில் எடுக்கும் அன்று இன்னும் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துவிடலாம். அவர்கள் போகும் மருத்துவமனை, கேஸ் ஏஜென்சி, வங்கிக் கிளை ஆகியவற்றின் எண்களைத் தமிழில் பெயர் போட்டுப் பதிவு செய்யுங்கள். பல ஃபோன்களில் மெசேஜ்களை விளம்பரம், பரிவர்த்தனை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வசதி செட்டிங்ஸில் இருக்கும். அதை இயக்கிவிட்டு, எந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்று காட்டிக்கொடுங்கள். ஏற்கெனவே குவிந்திருக்கும் ஆயிரக்கணக்கான மெசேஜ்களை அவர்களையே உட்கார்ந்து அழிக்கச் சொல்லாதீர்கள். அதை நீங்கள் செய்யுங்கள், ஒரு காபி நேரத்துக்குள் முடியும். வங்கி மெசேஜ்களை மட்டும் விட்டுவையுங்கள்.

பணம் போய்விட்டது என்றால் 1909 இல்லை, 1930. சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. இரண்டு எண்களையும் ஃபோனில் மட்டும் வைக்காமல், தினசரி காலண்டர் அட்டையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் இருக்கும்போது யாருக்கும் ஃபோனில் எதையும் தேடத் தோன்றாது.